தள்ளிப் போனதா, இல்லாமலே போனதா?

தாராவியில் நாங்கள் குடியிருந்த வரிசையில் மூன்றாவது வீட்டில் ஒரு தம்பி இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தனியார் கம்பெனி ஒன்றின் கோடவுனில் ஸ்டோர் குமாஸ்தா உத்தியோகம். ஆறு மாதப் புரொபேஷன் முடிந்து, வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டருக்காகக் காத்துக் கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இதில் இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதம்!

"என்ன தம்பி இது, திடீரென்று?"

"என்னை நிரந்தரமாக்கவில்லை அண்ணாச்சி. லெட்டர் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து சீட் மராட்டிக்காரரிடம் காட்டினேன். 'ஸ்தகித் ஹோ கயா' என்று உதட்டைப் பிதுக்கினார். அவர்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு முன்னால் நாமே மரியாதையாகப் போய்விடலாம் என்று..."

கம்பெனி கொடுத்த கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். ஒரே ஒரு வரிதான். அவரை நிரந்தரமாக்குவது மூன்று மாதத்துக்கு 'டிஃபர்' செய்யப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது.

"தம்பி, டிஃபர் என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. இப்போது இல்லை, பிறகு என்றுதான் அர்த்தம். மூன்று மாதம் என்று கெடுவும் போட்டிருக்கிறார்கள். நீங்கள் இந்த ராஜினாமாவைக் கொடுத்தால் அவர்கள் செய்யாத காரியத்தை நீங்களே செய்ததாகிவிடும்" என்றேன்.

ராஜினாமாக் கடிதம் கிழிக்கப்பட்டது. நான்காம் மாதம் ஒரு நாள் தம்பி அரைக் கிலோ அல்வாவோடு வந்தார்.

அந்த மராட்டிய நண்பர் மேல் குற்றமில்லை. இந்தியிலும் மராட்டியிலும் கூட்டம் மறுநாளுக்குத் தள்ளப்பட்டாலும் 'ஸ்தகித்'தான். சட்டசபை பாதியில் கலைந்தாலும் 'ஸ்தகித்'தான். நம் தமிழிலும் அப்படியே. கல்யாணத்தையும் ஒத்திவைக்கிறோம், வழக்கையும் ஒத்திவைக்கிறோம், பார்லிமென்டையும் ஒத்திவைக்கிறோம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். ஆனால், நமக்கு வரும் ஆபீஸ் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அங்கே இந்தக் காரியத்துக்கு ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தியைச் சொல்கிறது. மாற்றிப் படித்தால் நஷ்டம் நமக்கு.

நாலு கேள்விகள்

அகராதியைப் புரட்டினால் ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லையே பொருளாகப் போட்டிருப்பார்கள். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம். அதைவிட, இத்தகைய சொல் ஒன்று கண்ணில் பட்டதும் நமக்கு நாமே நாலு கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது.

காரியம் ஆரம்பமாகிவிட்டதா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா? யாராவது முடிவு செய்து தள்ளிவைத்தார்களா, தானாகத் தள்ளிப் போயிற்றா? மறு தேதி உண்டா? நமக்குச் சேர வேண்டியது அப்படியே இருக்கிறதா, கையை விட்டுப் போகிறதா?

நாலிலும் கடைசிக் கேள்விதான் தலையாயது. இனி ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொள்வோம்.

டிலே: தானாக வருவது

தாதர் ஸ்டேஷனில் ஊருக்குப் போகும் ரயிலுக்காக மூட்டை முடிச்சோடு நின்றவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மழை, சிக்னல் கோளாறு, முன்னால் நிற்கும் கூட்ஸ் வண்டி என்று ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது, வண்டி பிந்துகிறது. இது 'டிலே'. பெரும்பாலும் யாரும் முடிவு செய்து வருவதல்ல. புதிய நேரம் என்று ஒன்றை உறுதியாக யாரும் குறித்துத் தருவதுமில்லை.

அதே ரயில் புறப்படும் ஊரிலிருந்தே மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் என்று ரயில்வே முன்கூட்டியே முடிவெடுத்து அறிவித்தால் அதற்குப் பெயர் 'ரீஷெட்யூல்'. நேரப் பட்டியலை மாற்றி அமைத்தது என்று பொருள். 'கேன்சல்' என்றால் அன்றைக்கு அந்த வண்டியே கிடையாது.

இதில் காசு விஷயமும் அடங்கியிருக்கிறது. நாம் ஏற வேண்டிய ஸ்டேஷனில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி, நாம் பயணத்தைக் கைவிட்டால், பிடித்தம் இல்லாமல் முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். ஆனால் வண்டி புறப்படுவதற்கு முன்பே அதற்கான மனுவைப் பதிவு செய்துவிட வேண்டும். வண்டி போன பிறகு கேட்டுப் பயனில்லை.

போஸ்ட்போன்: தேதி மாறுகிறது, காரியம் மாறவில்லை

'போஸ்ட்போன்' லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'பின்னால் வைத்தல்' என்பது மூலப் பொருள். இன்னும் ஆரம்பிக்காத ஒரு காரியத்தை, யோசித்து முடிவு செய்து, பின்னொரு நாளுக்கு வைப்பது. பரீட்சை, நேர்முகத் தேர்வு, கல்யாணம், கிரிக்கெட் மாட்ச் எல்லாம் போஸ்ட்போன் ஆகும். புதுத் தேதி உடனே சொல்லப்படலாம், பிறகும் சொல்லப்படலாம். ஆனால் காரியம் உயிரோடு இருக்கிறது.

டோக்கியோ ஒலிம்பிக் போட்டி 2020 ஜூலையில் நடக்க வேண்டியிருந்தது. கொரோனா காரணமாக அந்த ஆண்டு மார்ச் 24 அன்று அதைப் போஸ்ட்போன் செய்தார்கள். 2021 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 8 வரை நடந்தது. ஓராண்டு கழித்து நடந்தபோதும் 'டோக்கியோ 2020' என்ற பெயரை மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேதிதான் மாறியது. மாறாக, 1940-ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கும் முதலில் இதே டோக்கியோவுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. யுத்தத்தால் அந்தப் போட்டி எங்குமே நடக்கவில்லை. அது கேன்சல்.

நம் ஊர் உதாரணம் ஒன்றும் உண்டு. 2016 சட்டசபைத் தேர்தலில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் மட்டும், வாக்காளர்களுக்குப் பணம் விநியோகித்த புகார்களால், மே 16-ந் தேதி நடக்க வேண்டிய ஓட்டுப்பதிவைத் தேர்தல் கமிஷன் மே 23-க்குத் தள்ளியது. பின்னர் ஜூன் 13-க்குத் தள்ளியது. அதுவரை போஸ்ட்போன்தான்: அதே தேர்தல், அதே வேட்பாளர்கள், தேதி மட்டும் வேறு. ஆனால் மே 28 அன்று தேர்தல் அறிவிக்கையையே கமிஷன் ரத்து செய்தது. அதோடு எல்லாம் பூஜ்யமாயிற்று. புது அறிவிக்கை, புது மனுத்தாக்கல் என்று ஆரம்பத்திலிருந்து தொடங்கி, நவம்பர் 19 அன்று தேர்தல் நடந்தது. தள்ளிவைப்புக்கும் ரத்துக்கும் உள்ள தூரம் இதுவே.

டிஃபர்: இப்போது வேண்டாம், பிறகு

போஸ்ட்போனுக்கு நெருங்கிய உறவு 'டிஃபர்'. இரண்டையும் மாற்றிப் போடும் இடங்களும் உண்டு. ஆயினும் ஒரு வித்தியாசம் தெரியும். போஸ்ட்போன் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு வரும். டிஃபர் பெரும்பாலும் முடிவுக்கும் பணத்துக்கும் வரும். கூட்டம் போஸ்ட்போன் ஆகும். அந்தக் கூட்டத்தில் உங்கள் மனு மீதான முடிவு டிஃபர் ஆகும். சம்பளம், பிரமோஷன், பிரீமியம், கடன் தவணை எல்லாம் டிஃபர் ஆகும்.

இங்கேதான் நாலாவது கேள்வியைக் கேட்க வேண்டும். டிஃபர் செய்த பணம் நமக்குச் சேர வேண்டிய பணமே. அது எங்கும் போய்விடவில்லை.

கொரோனா காலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் இறுதியில் ஆந்திரப் பிரதேச அரசு தன் ஊழியர்களின் சம்பளத்திலும் ஓய்வு பெற்றோரின் பென்ஷனிலும் ஒரு பகுதியை டிஃபர் செய்வதாக ஆணையிட்டது. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். நிறுத்தி வைத்த தொகையை 12 சதவீத வட்டியோடு கொடுக்குமாறு ஹைகோர்ட் உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் சுப்ரீம் கோர்ட் 2021 பிப்ரவரியில் வட்டியை 6 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் வட்டி உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது. சம்பளமும் பென்ஷனும் உழைத்தவரின் உரிமை என்பதே அடிப்படை.

அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு தன் ஊழியர்களின் பஞ்சப்படி விஷயத்தில் வேறொரு சொல்லைப் பயன்படுத்தியது. அது 'ஃப்ரீஸ்', உறைய வைத்தல். 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணை உயர்வுகளும் கொடுக்கப்பட மாட்டா என்றும், பிற்பாடு அரியர்ஸ் கிடையாது என்றும் ஆணையிலேயே எழுதிவிட்டார்கள். 2021 ஜூலை 1 முதல் பஞ்சப்படி 17 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கான உயர்வு வரவில்லை.

இரண்டுமே 'நிறுத்திவைப்பு' என்றுதான் நம் பேச்சில் வரும். ஒன்றில் பணம் வட்டியோடு வந்தது, மற்றொன்றில் வரவில்லை. ஆகவே ஆர்டர் கைக்கு வந்ததும் 'டிஃபர்' என்றிருக்கிறதா, 'அரியர்ஸ்' பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

மொரட்டோரியம்: தள்ளுபடி அல்ல

கடன் வாங்கியவர்களை அதிகம் ஏமாற்றிய சொல் இதுதான். மொரட்டோரியம் என்பது கடனைக் கட்டுவதற்குக் கொடுக்கும் இடைவேளை. 'வெய்வ்' என்பதே தள்ளுபடி. ஒன்று தள்ளிப் போடுவது, மற்றொன்று தள்ளிவிடுவது. ஓர் எழுத்து வித்தியாசத்தில் குடும்பமே கடனில் மூழ்கலாம்.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, தவணைக் கடன்களுக்கு மூன்று மாத மொரட்டோரியம் அளிக்க வங்கிகளை அனுமதித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. எங்கள் வரிசையிலேயே ஆட்டோ கடன் வாங்கியிருந்த பெரியவர் ஒருவர், "ஆறு மாதத் தவணையை சர்க்கார் தள்ளுபடி செய்துவிட்டது" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்துப் பாக்கித் தொகையைக் கேட்டபோது அவருக்குத் தலை சுற்றியது.

கணக்கு இதுதான். பாக்கி 1,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1 சதவீதம். ஆறு மாதம் எதுவும் கட்டாவிட்டால் சாதாரண வட்டி 6,000 ரூபாய். வட்டிக்கு வட்டியும் சேர்ந்தால் 6,152 ரூபாய். வட்டிக்கு வட்டி கூடாது என்று சுப்ரீம் கோர்ட் வரை வழக்கு நடந்தது. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு, அந்த ஆறு மாதத்துக்கு எந்தக் கடன்காரரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது. ஆனால் வட்டியையே தள்ளுபடி செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது. நம் கணக்கில் மிஞ்சியது 152 ரூபாய். 6,000 ரூபாய் கடன்காரர் தலையில்தான்.

சம்பளம் நின்று போனவர்களுக்கு அந்த இடைவேளை உயிர் காத்தது என்பதில் சந்தேகமில்லை. கையில் பணம் இருந்தும், சொல்லின் பொருள் தெரியாததால் கட்டாமல் விட்டவர்களுக்குத்தான் நஷ்டம்.

அட்ஜர்ன்: நடுவில் நிற்பது

இனி முதல் கேள்விக்கு வருவோம். நம் சங்கத்தின் பொதுக்குழு ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று நோட்டீஸ் போட்டாயிற்று. சனிக்கிழமையே செயலாளர் அதை அடுத்த ஞாயிறுக்கு மாற்றினால் அது போஸ்ட்போன். ஞாயிறன்று கூட்டம் கூடி, பாதி விஷயம் பேசி, மீதியை அடுத்த ஞாயிறு பேசலாம் என்று கலைந்தால் அது 'அட்ஜர்ன்'. பழைய பிரெஞ்சில் 'ஒரு நாளைக்கு' என்ற பொருளில் பிறந்த சொல் இது. அட்ஜர்ன் ஆன கூட்டம் பழைய கூட்டத்தின் தொடர்ச்சியே. ஆகையால் பொதுவாக அங்கே மீதியிருந்த விஷயங்களைத்தான் பேசலாம். புது விஷயத்தை நுழைக்க முடியாது. சங்கத் தேர்தல் சண்டைகளில் இந்த நுணுக்கம் பெரிதாகப் பேசப்படும்.

கோர்ட்டில் இதே அட்ஜர்ன்மென்டுக்கு நம் பக்கத்தில் 'வாய்தா' என்று பெயர். வாக்குறுதி என்ற பொருள் கொண்ட அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. வடக்கே 'தாரீக்' என்பார்கள். சிவில் வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா தரக் கூடாது என்று 2002 முதல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். ஆனாலும் விதி இருப்பதைத் தெரிந்து வைத்திருந்தால் வக்கீலிடம் கேட்கலாம்.

பார்லிமென்ட் செய்திகளிலும் இந்தச் சொல் வரும். சபையை ஒரு மணி நேரத்துக்கோ, மறுநாளுக்கோ அட்ஜர்ன் செய்பவர் சபாநாயகர். தேதி குறிப்பிடாமல் செய்தால் 'சைனி டை'. லத்தீனில் 'நாளில்லாமல்' என்று அர்த்தம். கூட்டத்தொடரையே முடித்து வைப்பது 'ப்ரோரோக்'. அதைச் செய்பவர் ஜனாதிபதி. ப்ரோரோக் ஆனாலும் நிலுவையில் உள்ள மசோதாக்கள் காலாவதியாகிவிடுவதில்லை.

பத்திரிகை வாசகர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று. 'ஒத்திவைப்புத் தீர்மானம்' என்றால் சபையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகும் தீர்மானம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அன்றைய வழக்கமான அலுவல்களை ஒத்திவைத்துவிட்டு, அவசரமான பொது விஷயம் ஒன்றை உடனே விவாதிக்கக் கோரும் தீர்மானம் அது. லோக்சபையில் ஆட்சேபம் வந்தால் 50 உறுப்பினர்களாவது எழுந்து ஆதரிக்க வேண்டும்.

சஸ்பெண்ட், ஸ்டே, அபேயன்ஸ்

இவை மூன்றும் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தி வைக்கும் சொற்கள்.

'சஸ்பெண்ட்' என்பதன் மூலப் பொருள் 'தொங்கவிடுதல்'. நம் பேச்சிலும் 'வேலை தொங்கலில் இருக்கிறது' என்கிறோம் அல்லவா? சஸ்பெண்ட் ஆன தொழிலாளி வேலையை இழந்தவரல்ல. அவர் இன்னும் அந்தக் கம்பெனியின் ஆள்தான். நிலையாணைகள் பொருந்தும் தொழிற்சாலைகளில் விசாரணை முடியும்வரை அவருக்குப் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும். முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி. அதற்கு மேல் போனால், தாமதத்துக்கு அவர் காரணமில்லாத பட்சத்தில், 75 சதவீதம். சஸ்பெண்ட் என்ற சொல்லைக் கண்டதும் டிஸ்மிஸ் என்று நினைத்து ஊருக்கு ரயிலேறியவர்கள் இந்தப் பணத்தையும் விட்டார்கள், விசாரணையில் பதில் சொல்லும் வாய்ப்பையும் விட்டார்கள்.

'ஸ்டே' கோர்ட் கொடுக்கும் தடை. ஸ்டே கிடைத்தால் ஜெயித்தாகிவிட்டது என்று இனிப்பு வழங்குபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். ஓர் ஆணையை நிறைவேற்றாமல் நிறுத்துவதே ஸ்டே; வழக்கு அப்படியே நிற்கிறது. ஹைகோர்ட்டுகள் தரும் ஸ்டே ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றி, அப்படித் தானாகக் காலாவதியாகாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஆறு மாதக் கணக்கை நம்பி யாரும் இருந்துவிடக் கூடாது.

'அபேயன்ஸ்' நம் குமாஸ்தாக்களுக்கு டிரான்ஸ்ஃபர் காலத்தில் பழக்கமான சொல். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் 'அபேயன்ஸில்' வைக்கப்பட்டது என்று கடிதம் வரும். வாயைப் பிளந்து காத்திருப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். பொருத்தம்தான்! ஆர்டர் ரத்தாகவில்லை, அமலிலும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் உயிர் பெறலாம். எனவே பெட்டியைக் கட்டவும் வேண்டாம், கட்டிய பெட்டியை அவிழ்க்கவும் வேண்டாம். குழந்தைகளின் பள்ளி டி.சி.யை மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

இன்க்ரிமென்ட் நின்றால்

அரசு உத்தியோகத்தில் இருப்பவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 'வித்ஹோல்ட்'. இது தண்டனைச் சொல். இன்க்ரிமென்டைப் பிடித்து வைப்பது. இதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வால் வரும். அந்த வாலைத்தான் படிக்க வேண்டும்.

'வித்தவுட் க்யூமுலேட்டிவ் எஃபெக்ட்' என்றிருந்தால் தண்டனைக் காலம் முடிந்ததும் அந்த இன்க்ரிமென்ட் சம்பளத்தில் சேர்ந்துவிடும். மாதம் 500 ரூபாய் இன்க்ரிமென்ட் இரண்டு ஆண்டுக்கு நின்றால், அந்த 24 மாத அடிப்படைச் சம்பளத்தில் 12,000 ரூபாய் நஷ்டம். பிறகு பழைய வரிசைக்கு வந்துவிடலாம். 'வித் க்யூமுலேட்டிவ் எஃபெக்ட்' என்றிருந்தால் அந்தப் பள்ளம் தூர்வதில்லை. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மாதமும் அந்த 500 குறையும். பென்ஷன் கணக்கிலும் எதிரொலிக்கும். அதனாலேயே அது பெருந்தண்டனை என்றும், முறையான விசாரணை இல்லாமல் விதிக்கக் கூடாது என்றும் பஞ்சாப் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. முந்தையது தள்ளிப் போவது. பிந்தையது இல்லாமலே போவது.

நாம் எழுதும்போது

படிப்பதில் மட்டுமல்ல, எழுதுவதிலும் கவனம் வேண்டும். தந்தி இருந்த காலத்தில் நண்பர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். பத்து நாள் கூடுதலாகத் தேவைப்பட்டது. லீவைப் பத்து நாள் 'போஸ்ட்போன்' செய்யுமாறு ஆபீசுக்குத் தந்தி அடித்தார். அவர் இப்போது லீவு எடுக்கவில்லை, பத்து நாள் கழித்துத்தான் எடுப்பார் என்று ஆபீசில் அர்த்தம் செய்துகொண்டார்கள். ஊரில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவருக்கு இங்கே ஆப்சென்ட் விழுந்தது! அவர் கேட்டிருக்க வேண்டியது 'எக்ஸ்டென்ஷன்'. ஆரம்பித்துவிட்டதை நீட்டிப்பது எக்ஸ்டென்ஷன்; ஆரம்பிக்காததைத் தள்ளுவது போஸ்ட்போன்.

கெடு தாண்டிய பிறகு மனுக் கொடுப்பவர்கள் எக்ஸ்டென்ஷன் கேட்டுப் பயனில்லை. நடந்துவிட்ட தாமதத்தைப் பொறுத்தருளக் கேட்க வேண்டும். அதற்குச் சொல் 'கண்டோன்'. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, போதிய காரணம் காட்டினால் அப்பீலில் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது.

சிறு சொற்களும் ஆளை விழுங்கும். போஸ்ட்போனுக்குப் பின் 'டு' வந்தால் எந்தத் தேதிக்கு என்று அர்த்தம். 'பை' வந்தால் எத்தனை நாள் என்று அர்த்தம். பதினைந்தாம் தேதி இன்டர்வியூவை 'டு' போட்டு இருபதுக்குத் தள்ளினால் ஐந்து நாள் கழித்து இன்டர்வியூ. 'பை' போட்டு இருபது நாள் என்றால் அடுத்த மாதம். இன்னொன்று: போஸ்ட்போன், டிஃபர், டிலே மூன்றுக்கும் பின்னால் வரும் வினைச்சொல் 'இங்' என்று முடிய வேண்டும். 'போஸ்ட்போன் டு கோ' என்பது பிழை. 'போஸ்ட்போன் கோயிங்' என்பதே சரி.

தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு நம் ஆபீஸ்களில் 'ப்ரீபோன்' என்கிறோம். நம் நாட்டில் செழித்த சொல். இங்குள்ளவர்களுக்கு எழுதும்போது தாராளமாகப் போடலாம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதினால் 'அட்வான்ஸ்' என்றோ, 'பிரிங் ஃபார்வர்டு' என்றோ எழுதுவது பாதுகாப்பு.

கடைசியாக ஒரு சொல்

'ப்ரோக்ராஸ்டினேட்' என்று ஒன்று பாக்கியிருக்கிறது. 'நாளைக்கு' என்ற லத்தீன் சொல் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. மேலே சொன்னவற்றில் பலவற்றை ஆபீசும் கோர்ட்டும் பாங்கும் நமக்குச் செய்கின்றன. இது ஒன்றை மட்டும் நமக்கு நாமே செய்துகொள்கிறோம். செய்ய வேண்டியது தெரிந்தும், சோம்பலாலோ பயத்தாலோ காலத்தைக் கடத்துவது. வள்ளுவர் இதை மறதி, சோம்பல், தூக்கம் ஆகியவற்றோடு சேர்த்து வைத்து, கெட்டுப் போகிறவர்கள் ஆசையாக ஏறும் படகுகள் என்றார்.

புரியாத ஆங்கிலக் கடிதம் வந்தால் நம்மில் பலர் செய்வது இதைத்தான். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுகிறோம். பிறகு அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. பதில் சொல்ல வேண்டிய கெடு அங்கேயே தாண்டிப் போகிறது. கடிதம் வந்த அன்றே அதில் உள்ள தேதிகளைச் சுற்றி வட்டம் போடுங்கள். தள்ளிவைக்கும் சொல் எது என்று கண்டுபிடித்து அடிக்கோடு இடுங்கள். நாலு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், தெரிந்தவர் வீட்டுக் கதவை அன்றிரவே தட்டுங்கள். அந்தத் தம்பி ராஜினாமாக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்ததுபோல, கொடுப்பதற்கு முன்னால் தட்டுங்கள்.